தரை குடித்ததைத் திருப்பி எடுப்பது: நாய், பூனை வளர்க்கும் வன்னி வீடுகளுக்கு

மாரி தொடங்கி மூன்றாம் நாள் வளவெல்லாம் வெள்ளம் நின்றதால் ஜிம்மியை வீட்டுக்குள் எடுத்தோம். அப்போது அதற்கு இரண்டு மாதம். முதல் இரவே அறை மூலையில் மூத்திரம் பெய்துவிட்டது. நான் துடைத்துவிட்டுப் பினாயில் ஊற்றினேன். அடுத்த நாளும் அதே மூலை, இந்தமுறை டெற்றோல். ஒரு கிழமைக்குள் அந்த அறையில் பினாயில், டெற்றோல், மூத்திரம் மூன்றும் சேர்ந்த ஒரு மணம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பக்கத்து வளவு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தங்கச்சி, மணத்துக்கு மேல மணம் ஊத்தினா மணம் போகுமோ?"

போகாது. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இந்த வேலையை ஒழுங்காகப் படித்தேன். புதிதாக நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ வீட்டுக்குள் எடுத்திருப்பவர்களுக்காக, நான் செய்து பார்த்ததையும் அதன் காரணத்தையும் எழுதுகிறேன்.

முதலில் அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மூத்திரத்தில் அதிகம் கரைந்திருப்பது யூரியா. வயலுக்கு எறிகிற யூரியாவும் இதுவும் ஒரே பொருள்தான். பெய்தவுடன் பெரிதாக மணக்காது. தரையில் இருக்கும் பக்டீரியா அந்த யூரியாவை உடைக்கும்போதுதான் அம்மோனியா கிளம்பி மூக்கைக் குத்துகிறது. பூனையின் மூத்திரத்தில் இதற்கு மேல் ஃபெலினின் என்ற ஒரு பொருளும் உண்டு. அது மெல்ல உடைந்து கந்தகம் கலந்த ஒரு வெடுக்கைத் தரும். காயடிக்காத கடுவன் பூனையில் அது அதிகம். அதனால்தான் நாயின் மணத்தைவிடப் பூனையின் மணம் பிடிவாதமாக நிற்கிறது.

யூரியாப் பையின் வாயைக் கட்டாமல் விட்டால் மாரியில் என்ன நடக்கும் என்று கமக்காரருக்குத் தெரியும். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கட்டிபட்டு நீர்த்துவிடும். தரையில் காய்ந்துபோன மூத்திரத்தின் உப்புகளும் அப்படியே. கோடையில் ஒரு மணமும் இல்லாத மூலை, முதல் மழைக்கு மணக்கத் தொடங்குவது இதனால்தான். நாயின் மேல் பழி போடாதீர்கள். அது போன வருசத்து மூத்திரமாகவும் இருக்கலாம்.

எந்த இடத்தைச் சுத்தம் செய்தாலும் இதை மனதில் வையுங்கள்: மூத்திரம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியதோ, நீங்கள் ஊற்றுவதும் அவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டும். பிறகு அது வெளியே வரவும் வேண்டும். மேலே துடைப்பது மேலே உள்ளதை மட்டும்தான் எடுக்கும்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை

பழைய பருத்தித் துணிகள் நிறைய. கிழிந்த சாரம், துவாய் எல்லாம் நல்லது. சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், நிறமில்லாத வினாகிரி, அப்பச்சோடா. தென்னை வினாகிரி மங்கல் நிறமாக இருந்தால் மெத்தைக்கும் துணிக்கும் வேண்டாம், அதுவே கறை வைக்கும். பாமசியில் ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு போத்தல். அதன் லேபலைப் படியுங்கள். இந்த வேலைக்கு 3 வீதம் போதும். "20 வொலியும்" என்று போட்டிருந்தால் அது 6 வீதம், சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். என்சைம் உள்ள சலவைத்தூள் கிடைத்தால் அதையே வாங்குங்கள், பையில் எழுதியிருக்கும். என்சைம் மலம், சத்தி, இரத்தம் போன்றவற்றில் உள்ள புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துவிடும். ஆனால் கொதிநீரில் அது செத்துவிடும். கை பொறுக்கும் இளஞ்சூட்டுத் தண்ணீர்தான் வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். உங்கள் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியென்றால் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. வன்னியில் பல இடங்களில் இப்படித்தான். அந்தத் தண்ணீரில் சவர்க்காரக் கட்டி போட்டால் நுரை வராது, பிசுபிசுப்பான ஒரு படலம்தான் மிஞ்சும். அந்தப் படலம் அழுக்கையும் மணத்தையும் பிடித்து வைக்கும். சவர்க்காரக் கட்டியை விட்டுவிட்டுச் சலவைத்தூளையோ பாத்திரத் திரவத்தையோ பாவியுங்கள். கூரைப் பீலியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அது மிகவும் நல்லது.

இப்போதுதான் பெய்தது என்றால்

ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஊற்றினால் அது பரவி அகலமாகும், ஆழமும் போகும். மடித்த துணியை மேலே வைத்து அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம், அழுத்தினால் போதும். மெத்தை, கம்பளி விரிப்பு என்றால் துணியின் மேல் ஏறி நில்லுங்கள். துணி நனைந்ததும் புதியது மாற்றுங்கள். துணி ஈரமில்லாமல் வரும்வரை இதைச் செய்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடியும் ஒற்றி எடுங்கள். டைல்ஸ் தரை என்றால் இத்துடன் சலவைத்தூள் தண்ணீரால் ஒருமுறை துடைத்து, நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்தால் சரி. டைல்ஸின் இடையில் உள்ள சாந்துக் கோடு மட்டும் ஈரத்தைக் குடிக்கும், பழைய பல் தூரிகையால் அதைத் தேய்த்துவிடுங்கள்.

ஈர மூத்திரத்தின் மேல் சாம்பல் போடுகிற பழக்கம் எங்களிடம் உண்டு. மலத்துக்கும் சத்திக்கும் சாம்பல் அருமையான பொருள், அதைப் பிறகு சொல்கிறேன். மூத்திரத்துக்கு, முக்கியமாகப் பழைய மூத்திரத்துக்கு, சாம்பல் வேண்டாம். சாம்பலில் உள்ள காரம் அம்மோனியாவை இன்னும் கிளப்பிவிடும்.

சீமெந்துத் தரையில் பழைய கறை

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகளில் பலவற்றில் வெறும் சீமெந்துத் தரைதான். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். ஆனால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரம் மெல்லக் கறுத்து, வட்டம் பெரிதாகி, கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணீர் இருக்காது. மூத்திரமும் அப்படித்தான் உள்ளே போயிருக்கும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காசுத்தாள் பார்க்கிற ஊதா வெளிச்ச ரோர்ச் இருந்தால் இரவில் விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பாருங்கள். காய்ந்த மூத்திரம் மங்கல் மஞ்சளாகத் தெரியும். சலவைத்தூள் மிச்சமும் ஒளிரும், ஆனால் அது நீலம் கலந்த வெள்ளை. ரோர்ச் இல்லாவிட்டால் சந்தேகமான இடத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டுக் குனிந்து மணந்து பாருங்கள். மூக்கு பொய் சொல்லாது. கண்டுபிடித்த இடத்தைச் சுற்றி, ஒரு சாண் அகலம் கூட விட்டு, சோக்கால் வட்டம் போடுங்கள். வட்டம் போடாவிட்டால் நனைந்ததும் எது எங்கே என்று தெரியாமல் போகும்.

பிறகு நான்கு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைத்தூள் கரைத்து, வட்டம் முழுக்க நிற்கும்படி ஊற்றுங்கள். தும்புத் தூரிகையால் நன்றாகத் தேய்த்து அரை மணித்தியாலம் விடுங்கள். காயத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். அதன்பிறகு துணியால் ஒற்றி, பிழிந்து, ஒற்றி எடுங்கள். விளக்குமாற்றால் தள்ளிவிட்டால் அழுக்குத் தண்ணீர் அறையின் மற்றப் பக்கத்துக்குப் போகும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர் விட்டு இரண்டுமுறை இதேபோல் எடுங்கள்.

தரை இன்னும் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவது மருந்து. ஒரு லீற்றர் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட், கால் கப் அப்பச்சோடா, ஒரு தேக்கரண்டி பாத்திரத் திரவம். இது 1993ல் அமெரிக்க வேதியியலாளர் போல் கிரேபோம் வெளியிட்ட கலவை. ஸ்கங்க் என்ற பிராணி பீச்சும் கந்தக நாற்றத்துக்காகச் சொல்லப்பட்டது. பூனையின் வெடுக்கிலும் கந்தகம்தான் இருப்பதால் இங்கும் வேலை செய்கிறது. மணத்தை மூடாமல், மணக்கிற பொருளையே ஒட்சியேற்றி மணமில்லாத பொருளாக மாற்றிவிடுகிறது. ஊற்றியதும் சிறு குமிழிகள் வரும். மேலே ஒரு பொலித்தீன் தாளை விரித்து ஓரங்களில் கல் வைத்து, சில மணித்தியாலம் விடுங்கள். மூடினால்தான் காயாமல் உள்ளே இறங்கும். பிறகு ஒற்றி, அலசி, காயவிடுங்கள்.

இந்தக் கலவையைத் தேவைக்கு மட்டும் கலக்குங்கள். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றி மூடி வைக்கவே கூடாது. அது ஒட்சிசனை விட்டுக்கொண்டே இருக்கும், போத்தல் வெடித்துவிடும். மிச்சத்தைத் தண்ணீர் சேர்த்து ஊற்றிவிடுங்கள். கையுறையும் போடுங்கள். சிவப்புத் தரை, பொலிஷ் போட்ட தரை என்றால் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

ஜிம்மியின் மூலைக்கு இதை மூன்றுமுறை செய்தேன். ஒருமுறையில் போகும் என்று எதிர்பார்த்து மனம் உடையாதீர்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் மழைக்கு மணந்தால், தரை நன்றாகக் காய்ந்தபின் பெயின்ற் கடையில் தரைக்குரிய சீலர் வாங்கி அடிக்கலாம். ஆனால் கழுவாமல் சீலர் அடிப்பது உள்ளே இருப்பதைப் பூட்டி வைப்பதுதான்.

வினாகிரியையும் தேசிக்காயையும் சீமெந்துத் தரைக்கு நான் சொல்லமாட்டேன். அமிலம் சீமெந்தை அரிக்கும். அரித்த தரை இன்னும் கூடக் குடிக்கும். அதேபோல் வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்து பொங்க வைப்பதைப் பலர் செய்கிறார்கள். பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மிஞ்சுவது உப்புத் தண்ணீர் போன்ற ஒன்றுதான்.

மண் தரை

சாணி மெழுகிய தரையுள்ள வீட்டுக்காரர் இதில் அதிர்ஷ்டசாலிகள். மூத்திரம் ஊறிய மண்ணை மண்வெட்டி முனையால் ஈரம் தெரியும் ஆழத்துக்குக் கொத்தி எடுத்துத் தென்னையடியில் போட்டுவிடுங்கள். குழியை ஒரு நாள் காயவிட்டு, புற்றுமண் குழைத்து நிரப்பி, இறுக்கி, காய்ந்தபின் மெழுகுங்கள். சீமெந்தில் மூன்றுமுறை செய்யும் வேலை இங்கே ஒரே முறையில் முடிகிறது.

மெத்தையும் பாயும்

ஓலைப்பாய், பன்பாய் என்றால் கிணற்றடியில் சலவைத்தூள் தண்ணீரால் தும்புத் தூரிகை கொண்டு பின்னல் போகும் திசையில் தேய்த்து, உடனே அலசி, நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். ஊறப்போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டு பக்கமும் வெயில் பட வேண்டும். பிளாஸ்ரிக் பாய்க்கு இந்தக் கவலை இல்லை.

மெத்தைதான் கஷ்டம். வாளியால் ஊற்றினால் அது உள்ளே போய்த் திரும்பி வராது, தும்பு மெத்தை உள்ளேயே பழுதாகும். ஏறி நின்று ஒற்றி எடுத்தபின், வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, விசிறும் போத்தலால் கறையும் அதைச் சுற்றியும் நனையும் அளவுக்கு அடியுங்கள். பத்து நிமிடம் விட்டு ஒற்றுங்கள். இங்கே வினாகிரி நல்லது, அது அம்மோனியாவைப் பிடித்துக்கொள்ளும். பிறகு என்சைம் சலவைத்தூள் கரைத்த தண்ணீர் கொஞ்சம், மேலே ஈரத்துணி போட்டு அரை மணித்தியாலம், மறுபடி ஒற்றி, நல்ல தண்ணீர் விசிறி மறுபடி ஒற்றுங்கள். மஞ்சள் கறை மிஞ்சினால் 3 வீதப் பெரொக்சைட்டை விசிறுங்கள். நிறமுள்ள துணியை அது வெளுக்க வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அதன்பிறகு வெயில். மெத்தையைத் தரையில் படுக்கப் போடாமல், இரண்டு கதிரைகளுக்கு எதிராக நிமிர்த்தி வையுங்கள், பின்பக்கமும் காற்று போகட்டும். சோளகம் வீசும் நாளில் ஒரு பகலில் மேல் காய்ந்துவிடும், உள்ளே காய இரண்டு நாளாவது வேண்டும். கையை அழுத்தி வைத்தால் குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. முழுதாகக் காய்ந்ததும் அப்பச்சோடாவைத் தூவி ஓர் இரவு விட்டுக் காலையில் தூரிகையால் தட்டிவிடுங்கள். கழுவாமல் முதலிலேயே வெயிலில் போடுவதுதான் நாங்கள் எல்லோரும் செய்யும் பிழை. வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு உப்பை உள்ளே விட்டுவிடும்.

உறை கழற்றக்கூடிய ஸ்பொஞ்ச் மெத்தை, செற்றிக் குஷன் என்றால் ஸ்பொஞ்சைத் தனியே எடுத்துப் பெரிய பேசினில் போட்டு மிதித்து மிதித்துக் கழுவலாம். இலவம்பஞ்சுத் தலையணை ஊறிவிட்டால் பஞ்சைக் கொட்டிவிட்டு உறையைக் கழுவிப் புதிய பஞ்சு அடையுங்கள். அந்தப் பஞ்சைக் காப்பாற்ற முடியாது. எல்லாம் முடிந்தபின் மெத்தைக்கு ஒரு றப்பர் சீற் போட்டுவிட்டால் அடுத்தமுறை இவ்வளவு பாடு இல்லை.

பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் பட்டால் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பிறகு சலவைத்தூளில் ஊறவையுங்கள். மணம் போனது உறுதியாகும்வரை அயன் பண்ண வேண்டாம், சூடு பட்டால் கறை இறுகிவிடும். மரத்தில், முக்கியமாகத் தேக்குக் கதவடியில், கறுத்த கறை விழுந்திருந்தால் அது மரத்துக்குள் நடந்த மாற்றம், கழுவிப் போகாது. மண்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி வார்னிஷ் அடிக்க வேண்டியதுதான்.

சுவரில் கடுவன் பூனை பீச்சியிருந்தால் பீச்சிய உயரத்திலிருந்து தரைவரை வழிந்திருக்கும், முழுவதையும் கழுவுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் சுரண்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள். பூனைக்குக் காயடிக்காமல் சுவரை மட்டும் கழுவிக்கொண்டிருப்பதில் பலனில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், பெரும்பாலான கடுவன்கள் அதன்பிறகு பீச்சுவதை நிறுத்திவிடும்.

மலம், சத்தி

இதற்குத்தான் சாம்பல். மேலே தாராளமாகத் தூவி ஐந்து நிமிடம் விட்டால் ஈரத்தை உறிஞ்சி உருட்டி எடுக்கக்கூடியதாகிவிடும். ஒரு மட்டைத் துண்டால் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டி அள்ளுங்கள். பிறகு என்சைம் தூள் தண்ணீர். கையில் சொப்பிங் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். நாய் மலத்தில் கொக்கிப்புழு இருக்கலாம், மணல் முற்றத்தில் வெறுங்காலுடன் விளையாடும் பிள்ளைகளின் தோல் வழியாக அது உள்ளே போகும். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் மட்டுமல்ல, தொற்றிய நாயின் மூத்திரத்திலும் இருக்கும். 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது. காலில் புண்ணோ வெட்டோ உள்ளவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விடுங்கள். கர்ப்பிணிகள் பூனை மலத்தைத் தொடவே வேண்டாம். வீட்டில் வேறு யாராவது அதை ஒவ்வொரு நாளும் அள்ளிவிட வேண்டும். அதிலுள்ள டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றக்கூடியதாக மாற ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், அதற்குள் அள்ளிவிட்டால் ஆபத்துக் குறைவு.

குளோரினைப் பற்றி

வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குப் போட்ட குளோரின் தூள் பல வீடுகளில் மிச்சம் இருக்கும். அதைக் கரைத்து மூத்திரத்தின் மேல் ஊற்றாதீர்கள். அம்மோனியாவும் குளோரினும் சேர்ந்தால் குளோரமீன் என்ற நச்சுவாயு வரும். வினாகிரியுடன் சேர்ந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த காலத்தில் அங்கே வேலை செய்த ஐயா ஒருவர் எங்கள் ஒழுங்கையில் இருந்தார். குளோரின் தூள் கரைக்கும்போது காற்று வரும் பக்கம் நின்றுதான் கரைப்பார், சாளரம் திறக்காத அறைக்குள் கொண்டுபோகவே விடமாட்டார். நானும் அப்படியே செய்கிறேன்.

பூனை உள்ள வீட்டில் பினாயிலும் டெற்றோலும்கூட வேண்டாம். அவற்றில் உள்ள பீனோல் வகைப் பொருள்களைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது. அது தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும்.

பிராணியின் பக்கம்

குட்டியின் மூக்கை மூத்திரத்தில் தேய்க்காதீர்கள். அதற்கு விளங்குவது பயம் மட்டும்தான், அடுத்தமுறை ஒளிந்து பெய்யும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிந்ததும் வெளியே கொண்டுபோய் ஒரே மரத்தடியில் விடுங்கள், பெய்ததும் தடவிக்கொடுங்கள். பூனைக்கு ஒரு அகலப் பேசினில் உமியோ மணலோ போட்டு அமைதியான மூலையில் வையுங்கள். நெல் ஆலைப் பக்கம் உமிக்குப் பஞ்சமில்லை.

பழக்கமான நாயோ பூனையோ திடீரென்று வீட்டுக்குள் பெய்யத் தொடங்கினால் அது வருத்தமாக இருக்கலாம். மூத்திரத்தில் எறும்பு மொய்த்து, தண்ணீரும் அதிகம் குடித்தால் நீரிழிவாக இருக்கலாம். கடுவன் பூனை முக்கி முக்கியும் ஒரு துளியும் வராவிட்டால் அடைப்பு. அதை விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே வைத்தியரிடம் போங்கள்.

பழைய தரைக் கறையை எடுக்கிற வேலைக்கு நான் ஆவணியைத்தான் தெரிவு செய்கிறேன். கிணறு வற்றியிருக்கும், ஆனால் ஒரு மூலைக்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும், ஒவ்வொருமுறையும் தரை எலும்புவரை காயும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எதுவும் காயாது. முடித்தபின் சோக்கு வட்டத்தை அழிக்காமல் விடுங்கள். முதல் மழை பெய்த இரவு, கதவைச் சாத்திவிட்டு, அந்த வட்டத்தில் முழங்காலில் இருந்து மணந்து பாருங்கள். வெறும் ஈரச் சீமெந்து மணம் வந்தால் வட்டத்தை அழிக்கலாம்.